சரிவிலிருந்து தள்ளி இருந்த வீடுகளும் ஏன் அடித்துச் செல்லப்படுகின்றன?

ஓடைமேடு கேட்டது:

வணக்கம். நிலச்சரிவுச் செய்திகளில் கனமழை, மரம் வெட்டியது, குவாரி என்ற மூன்று காரணங்களே சுற்றிச் சுற்றி வருகின்றன. கொஞ்சம் விவரமாகப் பார்க்கப் போனால் பல விஷயங்கள் பிடிபடவில்லை.

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் மலை உடைந்தது புஞ்சிரிமட்டத்துக்கும் மேலே, காட்டுக்குள். சூரல்மலைக் கடைத்தெரு அங்கிருந்து சில கிலோமீட்டர் கீழே இருந்தது. அது எப்படி அழிந்தது? மரம் அடர்ந்த சரிவே உடைகிறது என்றால், மரம் மண்ணைக் காக்கும் என்பது எவ்வளவு தூரம் உண்மை? தடுப்புச் சுவர் கட்டிய இடத்தில் சுவரையும் இழுத்துக்கொண்டு மண் இறங்குகிறதே, அங்கே என்ன பிழை? மலையடிவாரத்தில் குடியிருப்பவர் எதை வைத்து "இன்று ராத்திரி இங்கே படுக்கக் கூடாது" என்று முடிவெடுப்பது?

விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பாறைவரி:

தூரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உயிர்ச்சேதத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

செங்குத்துப் பாறையிலிருந்து கல் உதிரும். சில இடங்களில் ஒரு மண்திட்டு மொத்தமாக வழுக்கி இறங்கும். இவை இரண்டும் பெரும்பாலும் சரிவின் அடியை ஒட்டியே நின்றுவிடும். இறங்கிய மண் நீரோடு குழைந்து ஒரு ஓடைக்குள் புகுந்துவிட்டால் கதையே வேறு. வயநாட்டில் நடந்தது அதுதான். தேசிய தொலையுணர்வு மையத்தின் செயற்கைக்கோள் படங்களின்படி உடைப்பின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் இருந்தது; உடைந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர்; பாறையும் சேறும் ஓடிய நீளம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்.

உடைந்தபோது இருந்த அளவோடு அது கீழே வருவதில்லை. ஓடைப் படுகையில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த மண், உருண்டைக்கல், கரையோர மரங்கள் எல்லாவற்றையும் சுரண்டிக்கொண்டு பல மடங்கு பெருகி வருகிறது. லாரி அளவுப் பாறைகள் மிதப்பதுபோல வருவதற்கும் கணக்கு உண்டு. பாறை ஒரு கன மீட்டருக்கு 2.6 டன், கெட்டிச் சேறு 2 டன் வரை. அதாவது பாறையின் எடையில் முக்கால் பங்கைச் சேறே தாங்கிவிடுகிறது. வெறும் தண்ணீரென்றால் 38 சதவீதம்தான் தாங்கும். வேகம் விநாடிக்கு 10 மீட்டரைத் தொடுவது சாதாரணம்; 3 கிலோமீட்டர் கீழே இருப்பவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதுவும் விழித்திருந்தால்.

ஆகவே "மலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம்" என்று அளப்பதில் பயனில்லை. ஓடைப் படுகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று பாருங்கள். மோசமான இடங்கள் மூன்று. ஓடை குறுகலை விட்டு வெளியே வந்து விசிறிபோல விரியும் இடம். வளைவின் வெளிக்கரை (வேகத்தில் அந்தப் பக்கம்தான் ஏறும்). மரமும் பாறையும் சிக்கிக்கொள்ளும் தாழ்ந்த பாலத்துக்கு மேற்பக்கம். முதலாவதில்தான் ஊர்கள் அமைகின்றன. லேசான சாய்வு, நல்ல மண், பக்கத்திலேயே தண்ணீர். அந்த மேடே பழைய சரிவுகள் கொண்டுவந்து கொட்டியதுதான். கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஆற்று மணல் என்றால் அடுக்கடுக்காக, அளவுவாரியாகப் பிரிந்து படிந்திருக்கும். கூரான கல், உருண்டைக்கல், களிமண், ஆள் உயரப் பாறை எல்லாம் தரம் பிரியாமல் ஒன்றாகக் கிடந்தால், அந்த வழியாக ஒருமுறை வந்திருக்கிறது, மறுபடியும் வரும். சூரல்மலையை ஒட்டிய முண்டக்கைப் பகுதியில் 1984-லேயே சரிவு நடந்திருக்கிறது. அதே மேப்பாடி பஞ்சாயத்தின் புத்துமலையில் 2019 ஆகஸ்டில் 17 பேர் இறந்தார்கள்.

இனி உடைவது ஏன் என்பது. ஈரமானதும் மண் கனத்துச் சரிகிறது என்பார்கள். எடை கூடுவது சிறு பங்குதான். சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது துகள்களுக்கு இடையிலான உராய்வு. இடுக்குகளில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறும்போது துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது, அதோடு உராய்வும் போகிறது. ஒட்டும்தன்மை இல்லாத மண்ணுக்கு உராய்வுக் கோணம் 35 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்திருக்கும்போது 35 பாகைச் சரிவிலும் நிற்கும். நிலத்தடி நீர் மேற்பரப்பு வரை ஏறிச் சரிவுக்கு இணையாகக் கசிந்தால், அதே மண் 19, 20 பாகைக்கு மேல் நிற்காது. பல மலைச்சரிவுகள் 25 முதல் 40 பாகை. அவை இத்தனை காலம் நின்றதே மண் முழுக்க நனையாததால்தான்.

மேல்மண் 1, 2 மீட்டர் கனமுள்ள இடங்களில் சில மணி நேர அடைமழையே போதும். ஆழமான சரிவு வாரக்கணக்கான மழையைச் சேர்த்துவைத்து, வானம் வெளுத்த பிறகுகூட இறங்கும். அமெரிக்காவின் ஓசோவில் 2014 மார்ச் 22 அன்று 43 பேரைக் கொன்றது இந்த ரகம். சரிவுக்கு எதிர்ப்புறம், சமதளத்தில் இருந்த வீடுகளை ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிப்போய் மூடியது. 2006-இல் அதே சரிவு ஒருமுறை நகர்ந்து ஆற்றை மறித்திருந்தது.

சாய்வுக்கணக்கு:

சுவர் விஷயத்துக்கு நான் வர்றேன். மண்ணைத் தாங்கத்தான் சுவர் கட்டுறாங்க, ஆனா அதைத் தள்ளுறது பெரும்பாலும் தண்ணி.

3 மீட்டர் உயரச் சுவரை எடுத்துக்குங்க. பின்னாடி காய்ஞ்ச மண் இருந்தா, சுவரோட ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2.7 டன் தள்ளுவிசை. அதே மண்ணுல தண்ணி விளிம்பு வரைக்கும் நிரம்பிட்டா மொத்தம் 6 டன் கிட்ட வரும். அதுல தண்ணி மட்டுமே நாலரை டன். உயரத்தை ரெண்டு மடங்காக்கினா விசை நாலு மடங்கு. 3 மீட்டருக்குப் போட்ட டிசைனைக் காப்பியடிச்சு 5 மீட்டர் சுவர் எழுப்புறவங்க இதைத்தான் மறந்துடுறாங்க.

அதனால வடிதுளை வேணும். 75 அல்லது 100 மி.மீ குழாய், ஒன்றரை மீட்டர் இடைவெளி, வரிசைக்கு வரிசை மாத்தி மாத்தி. கீழ் வரிசை முன்பக்கத் தரைக்குச் சற்று மேலே. இதை எல்லாரும் வைக்கிறாங்க. விட்டுடுறது அதுக்குப் பின்னாடி வர்றது: சுவர் நெடுக குறைஞ்சது 30 செ.மீ கனத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவுல வடிதுணி (தண்ணியை விட்டு மண்ணை நிறுத்துற துணி). தோண்டின களிமண்ணையே திருப்பிக் கொட்டி மூடிட்டா ரெண்டு மழையில துளை அடைச்சுக்கும். அடைமழை பெய்யும்போது வடிதுளைகள் காய்ஞ்சு கிடந்தா சந்தோஷப்படாதீங்க, தண்ணி உள்ளே நிக்குதுன்னு அர்த்தம். கம்பிவலைக் கல்கூடைச் சுவர் இந்த விஷயத்துல பரவாயில்ல. உடம்பு முழுக்க வடியும், கொஞ்சம் அசைஞ்சாலும் வெடிக்காது. அதுக்கும் பின்னாடி வடிதுணி போடலைன்னா மண் கரைஞ்சு வெளியே வந்துடும்.

சுவருக்கு மேல, வெட்டுக்குப் பின்னாடி ஒரு மேல்வடிகால் கட்டாயம். ஆனா விரிசல் விட்ட வடிகால், வடிகாலே இல்லாததைவிட மோசம். மலை முழுக்கப் பரவி ஓட வேண்டிய தண்ணியைச் சேர்த்து ஒரே விரிசலுக்குள்ள ஊத்தும். வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி இலைதழை வாரி, வெடிப்பைச் சிமெண்டுல அடைக்கணும்.

ரோடு வெட்டும்போது ஒண்ணுக்கு ரெண்டு சரிவு உண்டாக்குறாங்க. மேல்பக்கம் சரிவோட காலை வெட்டிட்டு, வெட்டின மண்ணைக் கீழ்ப்பக்கம் அப்படியே தள்ளி விடுறாங்க. கொட்டின மண் எதோடயும் ஒட்டாம படுத்திருக்கும், முதல் பெருமழையில ஓடைக்குப் போகும், பாறைவரி சொன்ன அந்தச் சேத்துக்குத் தீனி அதுதான். சிறுபாலத்துக் குழாய் வாயில கல் பாவாம விடுறதும் அதே மாதிரிதான், அடிச்சு ஊத்துற இடத்துல பள்ளம் பறிச்சு மேல்நோக்கி அரிச்சுட்டே வரும்.

வீட்டுத் தண்ணியை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. 100 சதுர மீட்டர் கூரையில 100 மி.மீ மழை பெஞ்சா 10,000 லிட்டர். அது முழுக்க ஒரு குழாய் வழியா சரிவு விளிம்புல விழுது. செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழி, கசியுற தொட்டி, உடைஞ்ச பைப் எல்லாம் கோடையிலயும் சரிவை ஊறவெச்சுக்கிட்டே இருக்கும். செங்குத்தான சரிவுல உறிஞ்சுகுழி தோண்டவே கூடாது. குழாய் போட்டு ஓடைவரைக்கும் கொண்டுபோய் விடணும்.

இதெல்லாம் செஞ்சாலும் சுவர் தன் உயரத்துக்கு ஏத்த மண்ணைத்தான் நிறுத்தும். 10, 20 மீட்டர் ஆழத்துல மலையே நகருதுன்னா சுவர் அதோட சேர்ந்து பயணம் போகும். அங்க வேலை செய்யுறது, உள்ளே நிக்கிற தண்ணியை வடிக்க மலைக்குள்ள சாய்வா துளைச்சு வைக்கிற துளைக்குழாய்கள். 5-லிருந்து 10 பாகை மேல்நோக்கி, வழுக்குற தளத்தைத் தாண்டுற நீளத்துக்கு. அது செலவு, ஆய்வு, பராமரிப்பு எல்லாம் கேக்கும். கட்டுமானம் பலமா இருந்தா போதும்னு நினைக்கிறவங்க இத்தாலியில 1963 அக்டோபர் 9 ராத்திரி வயோந்த் அணையில நடந்ததைப் படிக்கணும். சுமார் 26 கோடி கன மீட்டர் மலை நீர்த்தேக்கத்துக்குள்ள விழுந்து, எழும்பின அலை அணையைத் தாண்டிப் போய் கீழே இருந்த லொங்காரோனேயை அழிச்சது. சுமார் 2,000 பேர் செத்தாங்க. அணை இன்னைக்கும் நிக்குது.

வேர்நிழல்:

மரத்தைப் பற்றி இருபக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். வேர் பிடிக்கிற ஆழம் பெரும்பாலும் 1 முதல் 2 மீட்டர். வழுக்கும் தளம் அதற்குள் இருந்தால் வேர்கள் அதைக் குறுக்கே தைத்துப் பிடிக்கும். பெரிய வித்தியாசம் தெரியும். அதற்கும் கீழே என்றால், காடு முழுசாக நின்றபடியே கீழே வரும். வயநாட்டில் 48 மணி நேரத்தில் 572 மி.மீ மழை பதிவானது. அந்த அளவு மழையில் காட்டுச் சரிவும் உடையும். உடைந்தபின் அந்த மரங்களே பாலத்தை அடைக்கும் கட்டைகளாகிவிடுகின்றன.

அதற்காக வெட்டலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். மரத்தை வெட்டியதும் வேர் சாவதில்லை, மெல்ல மக்குகிறது. பழைய வேர் மக்கி, புதியது இன்னும் பிடிக்காமல், மண் மிகப் பலவீனமாக இருப்பது வெட்டி மூன்று முதல் பத்து ஆண்டுகளுக்குள். "வெட்டி இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் அதனால்தான் செல்லாது. மக்கிய வேரின் குழிகள் மழைநீருக்கு உள்ளே போகும் குழாய்களாகவும் ஆகிவிடுகின்றன.

பாறைவரி:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு சேர்க்கையோடு. காட்டை அழித்த இடங்களில் பெருகுவது சின்னச் சின்னச் சரிவுகள். செய்தியில் வராது, ஆனால் ஓடைகளை நிரப்புவதும் சாலையை மறிப்பதும் அவைதான்.

மழை மட்டுமே காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உத்தராகண்டின் சமோலியில் 2021 பிப்ரவரி 7 அன்று மழையே இல்லை. உயரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்து, பள்ளத்தாக்கில் இருந்த நீர்மின் திட்டங்களைத் துடைத்துப்போனது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். நேபாளத்தின் லாங்டாங் கிராமத்தை 2015 ஏப்ரலில் மூடியது நிலநடுக்கம் உலுக்கி விட்ட பனியும் பாறையும். நடுக்கத்தில் விழாமல் தப்பிய சரிவுகளும் தளர்ந்துபோய், அடுத்து வரும் பல மழைக்காலங்களுக்குச் சாதாரண மழையிலேயே இறங்கிக்கொண்டிருக்கும்.

ஓடைமேடு:

அருமையான விளக்கங்கள், நன்றி. என் கடைசிக் கேள்வி இன்னும் பாக்கி. எத்தனை மி.மீ பெய்தால் வெளியேறுவது? விரிசல் கண்டால் அதை எப்படிக் கண்காணிப்பது?

பாறைவரி:

எல்லா மலைக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனாலும் வழிகாட்டும் எண்கள் உண்டு. உலகம் முழுக்க நடந்த சரிவுகளை வைத்து கெய்ன் என்ற ஆய்வாளர் 1980-இல் ஒரு கீழ்வரம்புக் கோடு வரைந்தார். அதன்படி ஒரே மணி நேரத்தில் என்றால் சுமார் 15 மி.மீ-க்கும், 24 மணி நேரத்தில் என்றால் சுமார் 100 மி.மீ-க்கும் மேல் பெய்தால் மேலோட்டமான சரிவுகள் தொடங்கக்கூடும். "கூடும்" என்பதை அழுத்திப் படியுங்கள், நாள்தோறும் அடைமழை பெய்யும் மலைகள் இதைவிட நிறையத் தாங்கும். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நடைமுறையில் வைத்திருப்பது இன்னும் தெளிவு: 24 மணி நேரத்தில் 75 மி.மீ தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ கொட்டினாலும் வெளியேற்றம்தான். முன் பத்து நாள் நன்றாக நனைந்திருந்தால் இந்த எண்களையும் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மழையை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். மலையில் சில கிலோமீட்டருக்குள்ளேயே மழையின் அளவு பெரிதும் மாறலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர்ப் பாத்திரம் போதும். மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, திறந்தவெளியில் வைத்து, தேங்கிய உயரத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் படியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். அடைமழை நாளில் மணிக்கொரு தடவை.

எண்ணுக்குக் காத்திராமல் உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள் இவை. தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, அல்லது ஊற்று திடீரென நின்றுபோவது. இதுவரை இல்லாத இடத்தில் நீர் பீறிடுவது. மழை பெய்துகொண்டிருக்க ஓடையில் தண்ணீர் குறைவது (மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது, உடைத்துக்கொண்டு வரும்). மரம் முறியும் சத்தம், கல்லோடு கல் மோதும் உறுமல். கதவு ஜன்னல் திடீரென இறுகுவது, மின்கம்பம் சாய்வது, சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவில் விரிசல் ஓடுவது இவையெல்லாம் நாட்கணக்கில் முன்னறிவிப்புத் தரலாம்.

வெளியேறும்போது ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடக் கூடாது. குறுக்கே பக்கவாட்டில், மேட்டின் மீது ஏற வேண்டும். ஓடையைக் கடக்காத வழியாகப் பகலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். முதல் அலை அடங்கியதும் இறங்கித் தேடப் போகாதீர்கள். வயநாட்டில் சில மணி நேரத்துக்குள் மறுபடியும் வந்தது.

முகாம்பதிவு:

மனிதர்கள் பக்கம் இன்னும் பேசப்படவில்லை. நிலநடுக்கத்தால் ஏற்பட்டவற்றை விலக்கிவிட்டு, 2004 முதல் 2016 வரை உலகில் உயிர்பலி வாங்கிய நிலச்சரிவுகளை ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்தார்கள்: 4,862 சரிவுகள், 55,997 உயிர்கள். பெரும்பகுதி ஆசியாவில்.

யார் சாகிறார்கள் என்பது மலையை மட்டும் பொறுத்ததல்ல. மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு 70 பேர் போனார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகளில்) உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டு வேர் கொண்டவர்கள். தொலைபேசியும் மின்சாரமும் இல்லாததால் சேதி வெளியே போகவே விடிந்துவிட்டது. இலங்கையின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்றும் லயங்கள்தான். அங்கே அபாயம் பற்றி முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது; மாற்று வீடும் நிலமும் கொடுக்காமல் "போ" என்று சொன்னால் யார் போவார்கள்? வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. உரிமைப் பத்திரம் இல்லாததால், வீட்டு உரிமையாளருக்கு என்று வரும் இழப்பீட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது. இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்தினால் வீடு கிடைக்கும், வேலை போய்விடும்.

வெள்ளம் வடிந்தால் நிலம் மிஞ்சும். இங்கே நிலமே மிஞ்சுவதில்லை. தோட்டம் இருந்த இடத்தில் பல மீட்டர் கனத்துக்குப் பாறை, எல்லைக்கல் போய்விட்டது, ஓடையே இடம் மாறியிருக்கும். கடன் மட்டும் பழைய சர்வே எண்ணில் அப்படியே இருக்கும்.

காணாமல் போனவர் விஷயம் தனிக் கொடுமை. உடல் கிடைக்காவிட்டால் இந்தியாவில் இறந்ததாகக் கருத பொதுவாக 7 ஆண்டு ஆகும். பேரிடருக்கென அரசு தனி ஆணை போட்டால்தான் முன்னதாகச் சான்றிதழ் வரும், வயநாட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். அதுவரை காப்பீடு, வங்கிக் கணக்கு, நிலம் எதுவும் குடும்பத்தின் கைக்கு வராது. எனவே முதல் வாரத்திலேயே காவல்நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார், நெருங்கிய உறவினரின் மரபணு மாதிரி (பெற்றோர் அல்லது பிள்ளைகளுடையது உத்தமம்) இரண்டையும் முடித்துவிட வேண்டும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது ஒன்று, காசு செலவில்லாதது: எந்த வீட்டில் எத்தனை பேர் இரவில் தூங்குகிறார்கள் என்ற பட்டியல், வீடுகளின் வரிசைப் படத்தோடு. மீட்புக் குழு கேட்கும் முதல் கேள்வி இதுதான். வாக்காளர் பட்டியலும் ரேஷன் பட்டியலும் உதவாது; விருந்தாளியும் வெளிமாநிலத் தொழிலாளியும் அதில் இல்லை. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திருத்தி, ஒரு படியை ஊருக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பத்திரம், பாஸ்புக், கல்விச் சான்றிதழ்களின் படங்களும் அங்கேயே இருக்கட்டும்.

எச்சரிக்கையால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு: கட்வாலில் 1893-இல் கோனா என்ற இடத்தில் மலை சரிந்து பிரஹி கங்கையை மறித்தது. ஏரி நிரம்பி உடையும் என்று கணித்து, பள்ளத்தாக்கு நெடுகத் தந்திக் கம்பி இழுத்து, ஊர்களைக் காலி செய்தார்கள். 1894 ஆகஸ்டில் உடைந்து கட்வாலின் ஸ்ரீநகர் ஊரையே (காஷ்மீரில் உள்ளது அல்ல) அடித்துச் சென்றது. இறந்தவர்கள் ஐந்தே பேர். வெளியேற்றிய பிறகும் திரும்பிப் போனவர்கள்.

ஓடைமேடு:

விரிசலை அளப்பது மட்டும் விட்டுப்போனது. இருபக்கமும் பெயின்ட் கோடு போட்டால் போதுமா?

சாய்வுக்கணக்கு:

தரையில பெயின்ட் நிக்காது. விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழத்துக்கு இரும்புக் கம்பி அடிங்க. தலையில சின்னதா ஒரு கோடு கீறி, கோட்டுக்குக் கோடு டேப்பால அளந்து தேதி, நேரம், அன்னைய மழை மூணையும் எழுதுங்க. விரிசல் நெடுக இப்படி மூணு ஜோடி இருந்தா நல்லது. கீழ்ப்பக்கம் இறங்குதான்னு பார்க்க ரெண்டு கம்பிக்கும் மட்டம் பிடிச்சும் குறிங்க. சுவர்ல இருக்கிற வெடிப்புன்னா பென்சில் குறியே போதும்.

எவ்வளவு விரியுதுங்கிறதைவிட வேகம் கூடுதாங்கிறதுதான் முக்கியம். வாரம் 2 மி.மீ-ன்னு ஒரே சீரா போனா ஆய்வுக்கு ஆள் கூப்பிட நேரம் இருக்கு. நேத்து 2, இன்னைக்கு 5, சாயந்தரத்துக்குள்ள 10-ன்னு போனா அளக்குறதை நிறுத்திட்டு ஆளுங்களைக் கிளப்புங்க. அதுவரைக்கும் விரிசலைக் களிமண்ணால அடைச்சு, மேல தார்ப்பாய் போட்டு, மேலருந்து வர்ற தண்ணியை ஓரமா திருப்பி விடுங்க. சிமெண்ட் ஊத்தாதீங்க. அது அடுத்த அசைவுல வெடிச்சுரும், உள்ளே தண்ணி போறது வெளியே தெரியாது.